இணையவழி வகுப்பில் மாணவர் திருப்தி பற்றிய ஆய்வுகளை, குவாண்டம் பின்னல் ஆய்வுகளை நம்புகிற அளவுக்கு நம்பலாமா?

ஒன்று நோபல் பரிசு வாங்கிய இயற்பியல், மற்றொன்று ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்கும் படிவம். விடை தெரிந்துகொண்டே கேட்டதுபோல் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். நான் இயற்பியல் கற்பிப்பவன். கல்வியியல் ஆய்வு மாணவர்கள் தயாரிக்கும் படிவங்களை அவ்வப்போது படித்துக் கருத்துச் சொல்வதும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை இரண்டு துறைகளையும் வாட்டுவது ஒரே சிக்கல்தான்: கணக்கில் வராமல் நழுவிப் போனவை. அதை ஒரு துறை விடாமல் துரத்தியது. மற்றது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பின்னிய, அதாவது அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்ட, இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால், மற்றது எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதில் என்ன விடை வரும் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் விடை முன்பே துகளுக்குள் இருந்திருக்க வேண்டும், குவாண்டம் கோட்பாடு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று 1935இல் ஐன்ஸ்டைனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் வாதிட்டார்கள். இதைச் சோதித்துப் பார்க்கவே முடியும் என்று 1964இல் காட்டியவர் ஜான் பெல். 1969இல் கிளாசர் உள்ளிட்ட நால்வர் அதை ஆய்வகத்துக்குத் தோதான வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். விடைகள் முன்பே தீர்மானமாகியிருந்து, ஒரு பக்கத்து அளவீடு மறுபக்கத்தைத் தொடாமலும் இருந்தால், அளவீடுகளிலிருந்து கிடைக்கும் ஓர் எண் 2ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கோட்பாட்டின்படி அது ஏறத்தாழ 2.83 வரை போகலாம்.

1972இல் ஃப்ரீட்மனும் கிளாசரும் செய்த சோதனையில் குவாண்டம் கோட்பாடே வென்றது. 1982இல் ஆலன் ஆஸ்பே, ஒளித்துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளக்கும் திசையை மாற்றிப் பார்த்தார். மறுபடியும் அதே முடிவு. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைய உணரிகள் பெரும்பாலான ஒளித்துகள்களைத் தவறவிட்டன. பிடிபட்டவை மட்டும் ஒரு மாதிரியாகவும், பிடிபடாதவை வேறு மாதிரியாகவும் இருந்தால்? இயற்கை அப்படிச் சதி செய்யும் என்று அநேகமாக யாருமே நினைக்கவில்லை. என்றாலும் அந்த ஓட்டையைத் திறந்தபடி விட மனமில்லை.

2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான். இரண்டும் பின்னிவிட்டன என்ற அறிகுறி தனியாக வந்துவிடும். அது வந்தபின் ஒவ்வொரு முறையும் இருபுறமும் விடையைப் பதிவுசெய்தே ஆகவேண்டும். ‘இது பிடிபடவில்லை’ என்று ஒதுக்க வழியே கிடையாது. 220 மணி நேரத்தில் 245 முறைதான் வாய்த்தது, அதாவது மணிக்கு ஒன்று என்ற கணக்கு. வந்த எண் 2.42. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும், ஒளித்துகள்களை மிகக் குறைவாகவே தவறவிடும் உணரிகளைக் கொண்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2022இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (பின்னலைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று வீடியோ போடுபவர்களை நம்ப வேண்டாம். அது முடியாது.)

இப்போது திருப்திப் படிவத்துக்கு வருவோம். பெரும்பாலும் அதைப் பாடத்தின் கடைசி வாரத்தில் கொடுக்கிறார்கள். அதுவரை தாக்குப்பிடித்தவர்கள்தான் நிரப்புகிறார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட பாடங்களைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2017-18இல் பதிவுசெய்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். சும்மா எட்டிப் பார்க்கப் பதிவுசெய்தவர்கள் அதில் ஏராளம் என்பதும் உண்மைதான். ஆனால் முடித்த மூவரிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்’ என்று எழுத முடியாது. சலித்துப்போய் இரண்டாம் வாரமே போனவன் எந்தக் கட்டத்திலும் இல்லை.

நிரப்பியவர்களின் படிவத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை நான்காவது கட்டத்திலேயே நேர்கோடாக டிக் விழுந்திருக்கும். நடுவே ‘இந்தப் பாடம் என் நேரத்தை வீணாக்கியது’ என்று ஒரு தலைகீழ் வாக்கியம் இருந்தால் அதற்கும் ‘உடன்படுகிறேன்’. அதையும் சேர்த்தே சராசரி எடுத்திருப்பார்கள். பிறகு, கேள்விகளுக்கு வந்த விடைகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை 0.9 என்று போட்டு, நம்பகத்தன்மை நிரூபணம் ஆகிவிட்டது என்று எழுதுவார்கள். ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா உயரத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் டெலோரியேவும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பாடம் ஒன்றே. ஒரு குழுவுக்கு நல்ல சொற்பொழிவு, மற்றக் குழுவுக்குத் தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டும் வகுப்பு. அடுத்த பாடத்தில் குழுக்களை மாற்றிவிட்டார்கள். மல்லுக்கட்டியவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள், ஆனால் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். அது நேரடி வகுப்புதான். ஆனாலும் திருப்தியைக் கற்றலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இணையவழியில் மட்டும் அது பொருந்தாது என்று எப்படிச் சொல்வார்கள் எனத் தெரியவில்லை. போதாக்குறைக்கு 2020இல் குவிந்த கட்டுரைகளில் பலவும் அவசரகதியில் திரைக்கு மாற்றிய வகுப்புகளை அளந்துவிட்டு அதற்கு ‘இணையவழிக் கற்றல்’ என்று பெயர் வைத்துவிட்டன.

இதற்காக அந்தத் துறையையே தூக்கியெறியச் சொல்லவில்லை. ஆசிரியர், பாடம், சக மாணவர் என்று மூவகை ஊடாட்டத்தைத் தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989இலேயே பிரித்துக் காட்டினார். ஆசிரியர் கண்ணில் படுவதும், கேட்டதற்கு உடனுக்குடன் பதில் வருவதும் திருப்தியோடு சேர்ந்தே வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நான் நம்புகிறேன். வருத்தத்தோடு வெளியேறுகிறவனைத் தடுக்கவாவது திருப்தியை அளக்கத்தான் வேண்டும்.

அப்படியோர் ஆய்வு கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படிவத்தை நிரப்பினார்கள் என்ற இரண்டு எண்களை. அடுத்து, விலகியவர்களில் சிலரையாவது தேடிப்பிடித்துக் கேட்டார்களா, திருப்தியோடு ஒரு தேர்வு மதிப்பெண்ணாவது சேர்த்து வைத்தார்களா என்று பார்ப்பேன். முதல் இரண்டு எண்களே இல்லையென்றால் அட்டவணைகள் வரை போவதில்லை.