ஐரோப்பிய அரச விருந்துகளில் வைத்த சர்க்கரைச் சிற்பங்கள் என்றால் என்ன?

விருந்து மேசையின் நடுவில் பார்வைக்காக வைத்த, சர்க்கரையால் ஆன கோட்டை, தெய்வ உருவம், மிருகம் போன்றவைதான் இவை. இத்தாலியில் இவற்றுக்கு 'த்ரியோன்ஃபி' என்று பெயர். வெற்றிச் சின்னங்கள் என்று பொருள்.

ஏன் சர்க்கரை? அன்று அது கடல் கடந்து வந்த விலை உயர்ந்த சரக்கு. அதைச் சிலையாக்கி நிறுத்துவது செல்வத்தைக் காட்டும் வழி. நம் கல்யாணங்களில் சீர்த்தட்டில் கூம்பாக நிற்கும் பருப்புத் தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முதலில் கண்ணுக்குத்தான், அப்புறம்தான் வாய்க்கு.

செய்முறைதான் அழகு. மரப்பிசினைப் பன்னீரில் ஊறவைத்து, சலித்த சர்க்கரைத்தூளைச் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைவார்கள். மெல்லியதாகத் தேய்க்கலாம், மர அச்சில் அழுத்தலாம். காய்ந்ததும் பீங்கான்போல வெளுத்து இறுகிவிடும். 1574-இல் வெனிஸுக்கு வந்த பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி விருந்தில் கைத்துணியை எடுத்தார். அது கையிலேயே நொறுங்கியது. துணியும் சர்க்கரை! எனக்கு இதில் மிகப் பிடித்த காட்சி இதுதான்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் நகரில் செய்த பீங்கான் பொம்மைகள் இவற்றின் இடத்துக்கு வரத் தொடங்கின.

பலர் இதைக் கேக் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இதற்கு அடியில் கேக் எதுவும் கிடையாது, சிற்பமே தனிப் படைப்பு.