அமெரிக்காவில் மத நம்பிக்கையைச் சொல்லி வாடகைக்கு வீடு தர மறுக்கலாமா?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் கஷ்டம். சிக்கோ நகரில் நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த ஓர் அம்மா, கல்யாணம் ஆகாத ஜோடிக்கு இடம் கொடுப்பது பாவத்துக்குத் துணைபோவது என்று நம்பி 1987இல் மறுத்துவிட்டார். 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாடகைத் தொழில் செய்யச் சொல்லி அவர் மதம் கட்டளையிடவில்லை. மனம் ஒப்பாவிட்டால் வீடுகளை விற்றுப் பணத்தை வேறெதிலாவது போடலாம், மாநிலச் சட்டத்திலிருந்து அவருக்கு விலக்கு கொடுத்தால் பாதிப்பு வீடு தேடி வந்தவர்களுக்குத்தான் என்றது நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகளில் முதன்மையானது.

'விற்றுவிடுங்கள்' என்பது எனக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அவர் அந்த வீடுகளில் குடியிருக்கவில்லை என்பதையும் பாருங்கள். தான் வசிக்கும் தனிவீட்டில் ஒரே ஒருவருக்கு அறை விடுபவருக்கு அங்கே சட்ட விலக்கு உண்டு.

1968ஆம் ஆண்டின் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் மதம் பார்த்து மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் அது தடுக்கும் காரணங்களின் பட்டியலில் திருமண நிலை இல்லை, அதனால்தான் இது மாநிலத்தைப் பொறுத்தது.