இடமில்லை என்று சொன்னவர்

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் உண்டு. நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கூடிக் கணினி பற்றிப் பேசுகிறோம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஆரம்பிக்கும் பேச்சு அரை மணி நேரத்தில் அரசியலுக்குப் போய், கடவுள் உண்டா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது. சென்ற மாதம் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். "புரோகிராம் எழுதத் தெரிந்தவன் எப்படி அலகு குத்திக்கொள்கிறான்" என்று இன்னொருவர் கேலி செய்ததுதான் காரணம். (எனக்கும் அது புரியவில்லை என்பது வேறு விஷயம்.) இனிமேல் தொழில்நுட்பம் மட்டும், அரசியலும் சமயமும் கூடாது என்று ஒரு விதி போடலாம் என நினைக்கிறேன். சரிதானே? இன்னொன்று, ஒருவருடைய அரசியல் நமக்குப் பிடிக்காவிட்டால் அவர் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துவது தவறா?

அன்புடன்,
எஸ்., பினாங்கு

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன், அதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. பிரெண்டன் ஐக் என்பவர் 2008-இல் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் பிரச்சாரத்துக்கு ஆயிரம் டாலர் கொடுத்தார். 2014-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது அது கிளம்பி, இரண்டு வாரத்துக்குள் பதவி போயிற்று. போனது சரி என்பவர்களும் உண்டு, அநியாயம் என்பவர்களும் உண்டு. ஆனால் அவர் 1995-இல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியை இரண்டு தரப்பிலும் யாரும் கைவிடவில்லை, அந்தச் சண்டையே அதன்மேல் ஓடும் பக்கங்களில்தான் நடந்தது. உங்கள் மனசுக்கு எது ஒத்துவருகிறதோ அப்படிச் செய்யுங்கள். அதற்கு என் சம்மதம் எதற்கு?

காவடி நண்பரைப் பற்றிக் கேட்டது எனக்குக் கொஞ்சம் கோபத்தைத்தான் தந்தது. கணினியியலின் பெரிய ஆசான் டொனால்ட் குனூத் தேவாலயத்துக்குப் போகும் லுத்தரன். விவிலியத்தின் ஒவ்வொரு நூலிலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்துக்கொண்டு ஒரு புத்தகமே எழுதினார். பெர்ல் என்ற கணினி மொழியைச் செய்த லாரி வால் கிறிஸ்தவர். அந்த மொழியில் ஒரு பொருளை இன்ன வகுப்பைச் சேர்ந்தது என்று ஆக்கும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' என்றே பெயர். அவர்களிடம் போய் யாரும் "எப்படி ஐயா உங்களுக்கு நம்பிக்கை வருகிறது" என்று நக்கலாகக் கேட்பதில்லை. நம் பையன் தண்ணீர்மலைக்குப் படியேறினால் மட்டும் உங்களுக்குப் புரியாமல் போய்விடுகிறது. அதுவும் பினாங்கில் இருந்துகொண்டு! போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். கேலி செய்தவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், கூட்டம் உங்களுடையது.

சரி, இப்போது அந்த விதி. நான் உட்கார்ந்து பதில் எழுதுவதே இதற்காகத்தான், ஏனென்றால் ஒரு பழைய குறுந்தட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் உண்டு என்று இரண்டாம் வரியில் எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி அரசியல் கூடாது என்கிறீர்களே தம்பி, எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா? 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தபோது அவர் பேசியது வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு புரோகிராமைக் கொடுக்கக்கூடாது என்று சொல்ல இன்னொருவனுக்கு உரிமை உண்டா என்பதுதான் பேச்சு. அது அரசியல் இல்லாமல் வேறென்ன? நீங்கள் போட நினைக்கும் விதியை ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் மிரளுகிறார்கள், இந்தச் சுதந்திரப் பேச்சு வேண்டாம் என்று 1998-இல் சிலர் கூடி 'ஓப்பன் சோர்ஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். அதில் முன்னால் நின்ற எரிக் ரேமண்ட் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தவர். அரசியலை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னவர் தன்னுடையதை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்.

நீங்கள் வேலை செய்யும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் வரியில்லாத் துறைமுகச் சலுகை போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்குமேல் வந்தபோது, லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்து பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தைக் கொண்டுவந்தார். 1972-இல் சில்லுக் கம்பெனி இன்டெல் வந்தது. கம்போங் கிராமங்களிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பெண்பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நாடு தழுவிய தொழிற்சங்கம் அமைக்க அரசு நெடுங்காலம் விடவில்லை. இதெல்லாம் நடந்த இடத்தில் சில்லைச் சோதித்துவிட்டு வந்து, சாயங்காலம் தொழில்நுட்பம் மட்டும் பேசுவோம் என்கிறீர்கள்.

இருக்கட்டும், சில்லுகளை விடுவோம். எனக்குத் தெரிந்தது எழுத்து.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர். அப்போது ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு கடையில் தட்டியது இன்னொரு கடையில் திறக்காது. எங்கள் கடைக்கு எழுத்துரு வரைந்து கொடுத்தவர் ஒரு கணக்கு வாத்தியார், மாலையில் வருவார். சுயமரியாதைக்காரர். 1929-இல் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோது தன் தாத்தா போய் நின்றார் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். காசு வாங்காமல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தார். அவருடைய சுழி ழ-வைப் போல ஒரு அழகான ழ-வை நான் அப்புறம் எந்த எழுத்துருவிலும் பார்க்கவில்லை.

அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதிப் பாதியில் 247 எழுத்தையும் அடக்க வேண்டும். கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து, எதை வைப்பது எதை விடுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சண்டை. ஜாலான் (சாலை) என்று எழுதாமல் இந்த நாட்டில் ஒரு முகவரியும் அச்சடிக்க முடியாது என்பதால் ஜ-வுக்கு இடம் கொடுத்திருந்தார். ஷா ஆலாம் நகருக்காக ஷ-வும் இருந்தது. ஸ்ரீ மட்டும் இல்லை.

ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர் வேலை வந்தது. செயலாளர் பெரியவர், வேட்டியும் திருநீறுமாக மாடி ஏறி வந்து புரூஃப் தாளைப் பார்த்தார். "ஸ்ரீ எங்கே வாத்தியாரே?" "அண்ணே, எழுத்துருவில் இடமில்லை. 256தான். டெக்னிக்கல் பிரச்சினை." பெரியவருக்குக் கணினி தெரியாது. ஆனால் சுவரில் எழுத்துருவின் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்துக்கொண்டே போனார்.

"இது என்ன?"

"அது தமிழ் எண், அண்ணே. ஒன்று."

"இது?"

"ரெண்டு."

ஒன்றிலிருந்து ஒன்பது, அப்புறம் பத்து, நூறு, ஆயிரம். பன்னிரண்டு கட்டம். பெரியவர் விரலை எடுக்காமலே கேட்டார், "இதுல யாராவது போன் நம்பர் போடுவாங்களா?"

வாத்தியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டார். "சரிண்ணே. இடம் இருக்கு. எனக்குத்தான் போட மனசில்லை."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

மலரில் ஸ்ரீ வரும் இடமெல்லாம் காலி விட்டு லேசர் தாள் எடுத்தோம். பெரியவரே லே-அவுட் பேனாவால் ஒவ்வொரு இடத்திலும் எழுதினார். முதல் இரண்டு மூன்று கோணலாகப் போயின. அதைப் பார்த்துப் பொறுக்காமல் வாத்தியாரே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தார், அளவு மாறக்கூடாதே என்று. எழுத்துருவில் மட்டும் கடைசிவரை சேர்க்கவில்லை. அந்த வேலை முடியும்வரை இரண்டு பேரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் (இழுத்த தேநீர்) குடித்துக்கொண்டு கடவுளைப் பற்றி அடித்துக்கொள்ளாத ராத்திரி கிடையாது.

எனக்கு அந்த வாத்தியார்மேல் மரியாதை உண்டு, இப்போதும். அவர் நம்பியது ஒன்று, அதை எழுத்துருவிலும் வைத்தார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'டெக்னிக்கல்' என்று சொன்னாரே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கணினி தெரியாதவர் என்பதால். பெரியவர் மூடிக்கொள்ளவில்லை. எத்தனை பேரால் அது முடியும்?

உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை தரும் யூனிகோடு வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். 1991-இல் வந்த யூனிகோடு, இந்திய அரசு இந்திய மொழிகளுக்கு 1988-இல் வகுத்த இஸ்கி எழுத்து வரிசையைத் தமிழுக்கும் எடுத்துக்கொண்டது. அது தேவநாகரியை முன்னால் நிறுத்திப் போட்ட வரிசை. உங்கள் கணினியில் தமிழ்க் கட்டத்தைத் திறந்து பாருங்கள், க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலியாக இருக்கும். நமக்கு இல்லாத ஒலிகளுக்கு விட்ட இடம். அங்கே இடமில்லாமல் அடித்துக்கொண்டோம், இங்கே காலி இடத்தைப் பார்த்துப் பதறினோம். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்றவர்களுக்காக டேஸ் 16 என்ற இன்னொரு வரிசை வந்தது, தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடோடு அதையும் ஏற்றது. அதே ஆண்டு வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகளைத் தமிழோடு சேர்க்கவும், ழ, ற, ன போன்றவற்றைக் கிரந்தத்துக்குள் கொண்டுபோகவும் முன்மொழிவுகள் வர, உலகத் தமிழர் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் தொல்காப்பியத்தை எடுப்பார், எதிராளியும் அதையே எடுப்பார். கிரந்தத்துக்குத் தனிக் கட்டம் 2014-இல் வந்தது, ழ-வும் ற-வும் ன-வும் அதற்குள் போகவில்லை. போகாததற்குக் காரணம் வெறும் தொழில்நுட்பம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஸ்ரீ-யின் கதையும் முடியவில்லை. 2005-இல் யூனிகோடில் இன்னொரு ச-கர எழுத்து சேர்ந்தது, அதை வைத்தும் ஸ்ரீ வரும், ஸ-வை வைத்தும் வரும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றொன்றில் தட்டிய கோயில் பெயர் கிடைக்காமல் போகலாம்.

விசைப்பலகைச் சண்டை தனி. தமிழ் 99-இல் 'அம்மா' நான்கு தட்டு, முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலியை வைத்துத் தட்டும் முறையில் ஐந்து. அந்த ஒரு தட்டுக்காகவா இருபது வருஷம் அடித்துக்கொண்டார்கள் என்று வெளியாள் கேட்பான். ஆங்கில எழுத்தை மனசில் நினைத்துத்தான் அம்மாவை எழுத வேண்டுமா என்பது கேள்வி, தட்டு அல்ல. நான் ஆங்கில ஒலியில்தான் தட்டுகிறேன், இப்போதும். வாத்தியார் அதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. திட்டட்டும்.

இப்படிச் சண்டை கணினிக்காரர்களுக்குள்ளும் உண்டு. பூஜ்யமும் ஒன்றுமாக ஓடும் பிட்டுகளை எந்த முனையிலிருந்து அனுப்புவது என்ற சண்டையைப் பற்றி 1980 ஏப்ரல் முதல் தேதி டேனி கோஹன் என்ற கணினி விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போர் செய்த கலிவர் கதை நாட்டிலிருந்து இரண்டு கட்சிக்கும் பெயர் வைத்தார். எது என்பதைவிட ஏதாவது ஒன்றில் ஒத்துப்போவது முக்கியம் என்று கெஞ்சினார். யாரும் ஒத்துப்போகவில்லை. இன்டெல் சில்லுகள் சிறுமுனைக் கட்சி, இணையத்தின் வரிசை பெருமுனைக் கட்சி. உங்கள் கடிதம் என்னிடம் வந்தபோதும் எங்கோ எண்கள் புரண்டுதான் வந்திருக்கும். வந்து சேர்ந்துவிட்டது, பாருங்கள்.

அதனால் விதி போடுவதென்றால் இப்படிப் போடுங்கள்: அரசியல் பேசலாம், சாமி பேசலாம், சாமி இல்லை என்றும் பேசலாம். 'டெக்னிக்கலா பார்த்தா' என்று ஆரம்பிப்பவர் மட்டும் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். ஆளைக் கேலி செய்பவருக்குத் தேநீர் கிடையாது.

அந்தக் குறுந்தட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அச்சகத்தை மூடியபோது என்னிடம் வந்தது. அதில் சில கோப்புகள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருக்கின்றன. இப்போது திறந்தால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அமெரிக்கச் சென்ட் குறி, கோடு போட்ட யூ என்று வருகிறது. அவற்றை மாற்ற வழி உண்டு, மாற்றிவிட்டேன். ஆனால் மலர்களெல்லாம் வாத்தியாரின் எழுத்துருவில் இருக்கின்றன. அது எந்தத் தரத்திலும் சேராது, எந்த மாற்றியிலும் இல்லை. சுவரிலிருந்த கட்டத் தாளின் நகல் என்னிடம் பத்திரமாக உண்டு, மூலையில் மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அதைப் பார்த்து ஒரு மாற்றி எழுத உங்கள் குழுவில் ஆள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். காவடி நண்பரும் கேலி செய்தவரும் சேர்ந்து செய்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். உங்கள் விலாசத்தை அனுப்புங்கள், பெட்டியைத் தபாலில் போடுகிறேன். தபால் செலவு என்னுடையது. தீபாவளிக்குள் முடிந்தால் நல்லது, அந்தக் கோயிலில் பழைய மலரைத் திரும்ப அச்சடிக்கக் கேட்கிறார்கள்.