பதின்ம வயதில் நாரி நோ இருந்தவர் மேசன் வேலைக்குப் போகலாமா?

தம்பிக்கு 16 வயது, அடிக்கடி நாரி (கீழ் முதுகு) நோகுது என்கிறான், ஓ.எல். பரீட்சை எழுதியதும் மேசன் வேலைக்குப் போகப் போகிறான், பிற்காலத்தில் நாரி பழுதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பழுதாகும் என்றில்லை. ஆனால் 'வளருற வயசு, சும்மா நோகும்' என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

டென்மார்க்கில் இரட்டையராகப் பிறந்த, 12 முதல் 22 வயது வரையான சுமார் 9,600 பேரிடம் நாரி நோவைப் பற்றிக் கேட்டு, 8 வருடம் கழித்துத் திரும்பவும் கேட்டார்கள். இளவயதில் நோ இருந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் அது இருக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. முன்பு எத்தனை நாள் நொந்ததோ, அதற்கேற்ப வாய்ப்பும் ஏறியது. ஆகவே ஒரு நாள் மண்வெட்டி பிடித்துவிட்டு வரும் அலுப்பு நோவுக்குப் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் இழுக்கிற நோவை, அதிலும் தலையிடி, தோள் நோ, நித்திரைக் குழப்பம் சேர்ந்து வந்தால், விட்டுவிடாதீர்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் கட்டட வேலையில் இருப்பவன். புதிதாக வரும் பெடியனுக்குத்தான் குனிந்து நிமிர்கிற வேலை முழுவதும் விழும். 50 கிலோ சீமெந்துப் பை இறக்குவான், கலவை குழைப்பான், தாச்சியில் அள்ளி மேலே கொடுப்பான். குனிந்து தாச்சியை எடுத்து, காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிச் சாரத்தில் நிற்பவரிடம் நீட்டுவான். பொழுதுபட்டால் கையால் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வான். சொன்னால் நாளைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று வாய் திறக்காமல், பனடோலைப் போட்டுக்கொண்டு வருவான். இதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பெரியவர்கள் மிக வசதியான நிலையில் நின்று தூக்கும்போதுகூட 23 கிலோவைத்தான் உச்சமாக வைத்துக் கணக்குப் போடுகிறது. பாதி வளர்ந்த முதுகில் 50 கிலோ ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

இலங்கைச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது. தம்பிக்கு இந்தத் தொழில்தான் பிடிக்கும் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் கட்டடத் தொழில்நுட்பம் படிக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு வேலைக்குப் போனாலும் பையை இருவராகத் தூக்கட்டும், பொருளை உடம்போடு அணைத்துப் பிடிக்கட்டும், திரும்பும்போது காலையும் சேர்த்துத் திருப்பட்டும்.

நோகுது என்று பாயில் படுக்கவைக்காதீர்கள். நடக்கட்டும், வொலிபோல் விளையாடட்டும். நாரிக்குக் கட்டும் பெல்ட் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நாட்பட்ட நாரி நோவுக்கு அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் எங்கள் ஊருக்காகச் சொல்கிறேன். 2009இல் போர் முடிந்தபோது பதின்ம வயதில் இருந்த, இப்போது மூட்டை தூக்குகிற பலரின் உடம்பில் இன்னமும் செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது. அப்படிப்பட்டவர்கள் எம்ஆர்ஐ (பலமான காந்தத்தால் உடம்புக்குள் படம் பிடிக்கும் சோதனை) எடுக்கும் முன்பே அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; காந்தம் இரும்பை அசைத்துவிடலாம்.

தம்பிக்குக் கால் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கிடையே மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தன்பாட்டில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வந்தாலும் தாமதிக்க வேண்டாம். எண்ணெய் பூசிப் பார்ப்போம், பரிசாரியிடம் காட்டுவோம் என்று அப்போது நாள் கடத்தாதீர்கள்.