மூன்று மாத ஆண் நாய்க்குட்டிக்கு ஒரு விரைதான் இறங்கியிருக்கிறது. இன்னொன்று தானாக இறங்குமா?

கேட்டிருப்பவர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். வீட்டில் மூன்று மாத லாப்ரடார் குட்டி. தடுப்பூசி போடப் போன இடத்தில் மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணுதான் தட்டுப்படுது" என்று சொல்லியிருக்கிறார். குட்டியை விற்றவரோ "அதெல்லாம் தானா இறங்கிடும் சார், இல்லைன்னா ஒரு ஊசி போட்டா இறங்கிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

நான் மருத்துவன் இல்லை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆனால் இதே குறையோடு இரண்டு நாய்களை வளர்த்தவன். முதல் நாய் விஷயத்தில் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பதில். இறங்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது, இப்போதே பதற வேண்டாம். ஆனால் ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் இனி இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செய்ய வேண்டியது அறுவை சிகிச்சைதான்.

குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது விரைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. கயிறு போன்ற ஒரு தசைநார் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவருகிறது. பிறந்த பிறகு தொடையிடுக்கில் இருக்கும் ஒரு சின்ன வழியாக வெளியே வந்து பைக்குள் சேரும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இந்தப் பயணம் முடிந்துவிடும். சிலதுக்கு நான்கு மாதம் வரை இழுக்கும். ஆறு மாத வாக்கில் அந்த வழி சுருங்கிவிடுவதால், அதற்குப் பிறகு உள்ளே இருப்பது உள்ளேயேதான். இரண்டில் வலது பக்கத்து விரைதான் அதிகமாக உள்ளே தங்குகிறது. வலது சிறுநீரகம் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அந்தப் பக்கத்து விரைக்கு நடை தூரம் அதிகம். என்னுடைய இரண்டு நாய்களுக்கும் வலதுதான்.

வீட்டில் பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். குட்டி பயந்தாலோ குளிரெடுத்தாலோ விரையைத் தூக்கிப் பிடிக்கும் தசை அதை மேலே இழுத்துக்கொள்ளும். மருத்துவமனையின் சில்லென்ற ஸ்டீல் மேசையில் நடுங்கிக்கொண்டு நிற்கும் குட்டிக்கு, இறங்கிய விரைகூடக் கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். மலையில் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். மார்கழிக் காலையில் தடவினால் இருந்ததும் காணாமல் போயிருக்கும், மத்தியான வெயிலில் களத்தில் மல்லாந்து தூங்கும்போது பார்த்தால் இருக்கும். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கவலை இல்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து, தொடையிடுக்கிலிருந்து பையை நோக்கி இரண்டு விரலால் மெதுவாகத் தடவி வாருங்கள். இந்த வயதில் பட்டாணி, மிஞ்சினால் மொச்சை அளவுதான் இருக்கும். அங்கே கொஞ்சம் கொழுப்பும் திரண்டிருக்கும், அதை விரை என்று எண்ணி ஏமாறாதீர்கள். நசுக்கிப் பார்க்க வேண்டாம்.

இனி என் தப்பு.

ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்தது 2009-இல். பாம், அதாவது பொமரேனியன், என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். (நம் ஊரில் பாம் என்று வளர்க்கும் நாய்களில் பாதிக்கு மேல் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், அது வேறு கதை.) ஒற்றை விரைதான் என்று முதல் வருஷமே தெரியும். தோட்டத்து மேஸ்திரி தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒத்தை விதைங்க. ஆடா இருந்தா கோயிலுக்கு நேந்து விட மாட்டோம். நாய்தானே, கிடக்கட்டும்" என்றார். நானும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாய் காலைத் தூக்கியது, வேலி தாண்டியது, பெட்டைக்காக ராத்திரி முழுக்க ஊளையிட்டது. ஒரு குறையும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் பின்னால்தான் புரிந்தது. விந்து உருவாக உடம்புச் சூட்டைவிடக் குளிர்ச்சியான இடம் வேண்டும். நாயின் உடம்புச் சூடோ 101, 102 டிகிரி. அதனால் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்ட விரையில் விந்து உருவாகாது, ஆனால் ஆண் ஹார்மோன் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். நடத்தையில் எந்த மாற்றமும் வராது. கீழே இறங்கிய விரை ஒழுங்காக வேலை செய்வதால் குட்டியும் பிறக்கும்.

ஒன்பதாவது வயதில் ஜிம்மிக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்ட ஆரம்பித்தது. சொறி இல்லை, அரிப்பு இல்லை, வெறும் தோல். முதலில் காட்டிய இடத்தில் தோல் வியாதி என்று ஷாம்பு கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் குளிப்பாட்டினோம். அப்புறம் மடிக்காம்புகள் பருத்தன, குட்டி போட்ட பெட்டைக்கு இருப்பது போல. ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போனால் தெருவில் இருக்கும் ஆண் நாய்கள் அதன் பின்னாலேயே வந்தன. டீக்கடையில் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கீழே சேலத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் கமலா ஆரஞ்சு அளவுக்குக் கட்டி. செர்டோலி செல் கட்டி, அதாவது விரையில் வளரும் ஒரு வகைக் கட்டி என்றார் மருத்துவர். உள்ளே தங்கிய விரையில் கட்டி வரும் வாய்ப்பு, இறங்கிய விரையைவிட ஏறக்குறைய 10 மடங்கு அதிகமாம். இந்த வகைக் கட்டி பெண் ஹார்மோனைச் சுரக்கும். முடி கொட்டியதும் காம்பு பருத்ததும் ஆண் நாய்கள் துரத்தியதும் அதனால்தான். அதைவிட மோசம், அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். ஜிம்மியின் ஈறு அப்போது வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. மயக்க மருந்தைத் தாங்காது, முதலில் ரத்தத்தை ஏற்றிப் பார்ப்போம் என்றார்கள். பதினோராம் நாள் போய்விட்டது.

கட்டி மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. உள்ளே தொங்கும் விரை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது நாய் வயிற்று வலியில் துடிக்கும், வாந்தி எடுக்கும். உடனே அறுவை செய்தாக வேண்டும்.

சரி, விற்றவர் சொல்லும் ஊசிக்கு வருவோம். ஹார்மோன் ஊசி போட்டு இறக்கலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஊசி போட்ட பிறகு இறங்கினால்கூட, அந்த வயதில் தானாகவே இறங்கியிருக்குமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "கீழே இழுத்துப் பையில் வைத்துத் தைத்துவிடலாமே" என்று நானே இரண்டாவது நாய்க்குக் கேட்டேன். மருத்துவர் மறுத்துவிட்டார். குறையை மறைத்து நாயை இனப்பெருக்கத்துக்கு விடத்தான் அது உதவுமாம். கண்காட்சிக்கு விடும் ஆண் நாய்க்கு இரண்டு விரையும் முழுதாகப் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கென்னல் கிளப்களின், அதாவது நாய் இனச் சங்கங்களின், விதி. ஏற்காடு கோடை விழாவில் நடக்கும் நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று ஆசை வைத்திருந்தால், இந்தக் குட்டியை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டிவர முடியும்.

இரண்டாவது நாய் கரியன். உங்களுடையது போலவே லாப், கறுப்பு. எட்டு வாரத்தில் ஒன்று, நான்கு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்திலும் ஒன்றுதான். இந்தத் தடவை காத்திருக்கவில்லை. பெரிய இனம், எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று மருத்துவர் சொன்னதால் பதினாலாவது மாதம் தேதி குறித்தோம். வீட்டில் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளப் பிள்ளைய இப்படிப் பண்ணலாமாடா, வாயில்லா ஜீவன்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காளைக்குக் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்தான், இருந்தாலும் நாய் வீட்டுக்குள் படுக்கிற பிள்ளை. ஜிம்மியின் ஈறை ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவும் வெறும் வயிற்றோடு இறங்கினோம். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வாந்திக்கும் வேலையில்லை, மயக்க மருந்துக்கும் அதுதான் நல்லது. ஸ்கேனில் மூத்திரப் பைக்குப் பக்கத்தில் விரை தெரிந்தது. இரண்டையும் எடுத்தார்கள். முடிந்ததும் மருத்துவர் ட்ரேயைக் காட்டினார். கீழே இறங்கியிருந்தது பெரிய நெல்லிக்காய் அளவு, கெட்டியாக. உள்ளே இருந்தது ஊறவைத்த மொச்சை மாதிரி, தொளதொளவென்று.

நீங்களும் அந்த ட்ரேயைக் கேட்டுப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். வெளியே இருக்கும் சுலபமான ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தேடாமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நிலைமை. பார்வைக்குக் கருத்தடை ஆன நாய், ஆனால் ஆபத்து முழுதாக உள்ளேயே இருக்கும். அதனால் வயிற்று அறுவையில் பழக்கமுள்ள மருத்துவராகப் பாருங்கள். சேலத்தில் சரிப்படவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். எனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து ஒரு மூட்டைக் காப்பி விலைக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. தையல் பிரிக்கும் வரை பத்து நாள் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்திலும் முட்டிக்கொண்டு திரிந்தான். இப்போது ஐந்து வயது.

இன்னொன்று, இது பரம்பரையாக வரும் குறை. அப்பா நாய்க்கு இரண்டும் ஒழுங்காக இருக்கலாம். அம்மா நாய்க்கு விரையே கிடையாது, ஆனாலும் அதுவும் இந்தக் குறையைச் சுமந்து வந்து குட்டிக்குக் கொடுக்கும். விற்றவரிடம் சண்டைக்குப் போகாமல், அந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், கேட்டால் சரி. உங்கள் குட்டியையும் யார் கேட்டாலும் சேர்க்க விடாதீர்கள். நான் ஜிம்மியை இரண்டு தடவை விட்டேன். பிறந்த குட்டிகளை மலை முழுக்கக் கொடுத்தேன், வாழவந்திக்குப் போன ஒன்றுக்கும் ஒற்றைதான்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள். காணாத விரை தொடையிடுக்கில் கைக்குத் தட்டுப்படுகிறதா, இல்லை எங்கேயும் தட்டுப்படவில்லையா? மூன்று மாதத்தில் தொடையிடுக்கு வரை வந்திருந்தால் இறங்கிவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். கரியனுக்குக் கடைசி வரை தட்டுப்படவே இல்லை.