மகள் கல்யாண டெபாசிட்டை உடைத்து ஜன்னலுக்குக் கண்ணாடி போடலாமா?

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடிதான். ஹாலும் படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. நாலு மணி வெயில் சோபா வரை வந்துவிடும். சூடு ஏறினால் தானே வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி, ஆறு ஜன்னலுக்கு 1,60,000 ரூபாய் என்கிறார்கள். கரண்ட் பில் பாதியாகுமாம். கோடையில் ஒரு பில் 6,000 ரூபாய், மற்ற நேரம் 2,600. மகள் கல்யாணத்துக்குப் போட்ட டெபாசிட்டை உடைக்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள் அம்மா.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். கோடையில் மூன்று பில் என்று வைத்தால், வெயிலுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டுவது பில்லுக்கு 3,400, ஆண்டுக்கு 10,200 ரூபாய். அந்த 1,60,000 பேங்கில் 6.5 சதவீத வட்டிக்குக் கிடந்தாலே ஆண்டுக்கு 10,400 வரும். ஏசி செலவை வட்டியே கட்டிவிட்டு, 200 ரூபாய் கையில் நிற்கும்! கண்ணாடி அந்த 10,200ஐ மொத்தமாக ஒழித்தாலும் போட்ட காசு திரும்ப 15 வருஷத்துக்கு மேலாகும். ஆனால் ஒழியாது. பகலெல்லாம் தளம் குடித்த வெயிலைத்தானே ராத்திரி பத்து மணிக்கு உங்கள் ஃபேன் கீழே இறக்குகிறது? அதை எந்த ஜன்னலும் தடுக்காது.

பூச்சு பொய்யில்லை. இந்த மாதிரிப் பூச்சில் இருக்கும் வனேடியம் டை ஆக்சைடு என்கிற பொருள் சுமார் 68 டிகிரி செல்சியஸில் குணம் மாறும் என்பது 1959லேயே தெரிந்த சங்கதி. அதற்குக் கீழே வெயிலின் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, உள்ளே விடும், மேலே போனால் தடுக்கும். ஜன்னல் கண்ணாடி அவ்வளவு சுடுவது அரிது என்பதால் டங்ஸ்டன் கலந்து அந்த அளவைக் கீழே கொண்டுவருகிறார்கள். பனிக்காலத்தில் வெயில் உள்ளே வரணும், கோடையில் வரக்கூடாது என்கிற ஊர்களுக்கு அருமையான சரக்கு. நாமோ மார்கழியிலும் மேற்கு ஜன்னலுக்குத் திரை இழுக்கிறவர்கள். ராத்திரி பகலாக எரியப்போகிற விளக்குக்குத் தானியங்கி சுவிட்ச் எதற்கு?

கண்ணாடியில் ஒட்டி, வெப்பத்தை எப்போதும் தடுக்கும் சாதாரண சன் கன்ட்ரோல் ஃபிலிமே நமக்குப் போதும். அதுவும் ஆறுக்கும் வேண்டாம், மேற்கு ஜன்னல்களுக்கு மட்டும். அதற்கும் முன்னால், ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிப் பாருங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் மறிக்கிறோம். தட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். கடல் காற்றில் இரும்புக் கொக்கி துருப்பிடித்து விழும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள்.

பெரிய வேலை மொட்டை மாடிதான். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். செலவை அசோசியேஷனில் பேசுங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் தலைக்கு மேல் நீங்கள் இருக்கிறீர்களே. தளம் கசிகிறதென்றால் கசிவுத் தடுப்பு வேலையோடு சேர்த்துக் கேளுங்கள், அப்போது மறுக்க மாட்டார்கள்.