பதில்: கொடைக்கானல் மரக்குடிலில் கணப்பு மூட்டினால் அறை முழுக்கப் புகை

குழந்தைகளோடு தங்கும் குடிலில் கணப்பு மூட்டினால் அறை முழுக்கப் புகை வருகிறது, விடுதியில் கரியடுப்பு தருவதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். விறகு ஈரம் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். நாள் முழுக்கக் குளிர்ந்து கிடந்த புகைபோக்கிக்குள் காற்று கனத்து நிற்கும்; இளஞ்சூட்டுப் புகையால் அதைத் தள்ள முடியாமல் அறைக்கே திரும்பும்.

முதலில் புகைபோக்கியின் கழுத்திலுள்ள இரும்புத் தகடு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, அந்தத் திறப்புக்குக் கீழே ஓரிரு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேலே இழுபட்டால் வழி கிடைத்துவிட்டது. பக்கத்து ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள். முதலில் சுள்ளி, பிறகு மணிக்கட்டுப் பருமனில் பிளந்த விறகு. இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; மொத்தென்றால் ஈரம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விடுதியில் தருவதாகச் சொன்ன கரியடுப்பை மட்டும் தயவுசெய்து உள்ளே வைக்காதீர்கள். புகை வராததால் பாதுகாப்பானது என்று தோன்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை விடுதிகளில் இப்படி இறந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு தங்குகிறீர்கள், கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கேட்டு வாங்குங்கள். கணப்பில் தணல் இருக்கும்வரை தகட்டையும் மூடக் கூடாது.